ஹட்சுக்கும், கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் மகள் பள்ளி அணிக்காக ஆடிய சாஃப்ட்பால், பேஸ்பால் மாதிரியான ஆட்டம், இந்த வசந்தத்தோடு முடிந்தது. அவள் பிட்சர், அதாவது மட்டைக்காரருக்குப் பந்து எறிபவள். அவளை இத்தனை வருடம் ஆட வைத்தவர்கள் நிறைய பேர். ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லிவிட்டோம். ஆனாலும் எழுத்தில் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

முதல் நன்றி, எங்களை யாரென்றே அறியாத ஒருவருக்கு. கேரல் ஹட்சின்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளராக 1985 முதல் 2022 வரை இருந்தவர். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் அவர் வெறும் ஹட்ச்தான். ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,707 வெற்றிகள். அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் அதுவரை வேறெந்தப் பயிற்சியாளரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. மிச்சிகன் ஆடும் பல்கலைக்கழக லீக்கான பிக் டென்னின் பட்டம் மட்டும் 22 முறை.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்தக் கணக்கெல்லாம் தெரிவதற்கு முன்பே. 1979இல் அவர் மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தில் மாணவி, பெண்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன். வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆண்கள் அணிக்குக் கிடைத்தது பெண்களுக்குக் கிடைக்கவில்லை. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பேதம் கூடாது என்ற சட்டம் 1972லேயே வந்துவிட்டது. ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்? தான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் மீதே, சக ஆட்டக்காரிகளோடு சேர்ந்து, வழக்குப் போட்டார். படிக்கிற வயதில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்று எங்கள் மகளின் பள்ளியில் பெண்களுக்கென்று மைதானமும், சீருடையும், பஸ்ஸும் இருப்பதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம் என்றால், அதற்காக முன்னால் போய் நின்றவர்களில் ஹட்சும் ஒருவர்.

அப்புறம் 2005, ஹட்சின் அணி தேசியக் கோப்பையை வென்ற வருடம். எங்கள் மகள் அப்போது பிறக்கக்கூட இல்லை. ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தின் பதிவை எங்கள் வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். இங்கே மிச்சிகனில் பிப்ரவரி, மார்ச்சில் மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும். மிச்சிகன் பெண்கள் கூரைக்குக் கீழே பயிற்சி செய்துவிட்டு, முதல் ஆட்டங்களுக்குத் தெற்கே கிளம்பிப் போவார்கள். கலிஃபோர்னியா, அரிசோனா அணிகளுக்கோ வருடம் முழுக்க வெயில். 1982இல் தேசியப் போட்டி தொடங்கியதிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்து அதுவரை ஒரு அணிகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. ஓக்லஹோமா சிட்டியில் நடந்த இறுதிச் சுற்றில் எதிரே யுசிஎல்ஏ, கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக அணி. முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவது வெற்றி. மூன்றாவது ஆட்டம் வழக்கமான ஏழு இன்னிங்ஸில் முடியவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று பத்தாவது வரை இழுத்தது. அங்கேதான் முதலாமாண்டு மாணவி சமந்தா ஃபிண்ட்லே அடித்த பந்து வேலியைத் தாண்டியது, மூன்று ரன். மிச்சத்தை மிச்சிகன் பிட்சர் ஜென்னி ரிட்டர் பார்த்துக்கொண்டார். 4-1.

ஹட்சோடு முப்பது வருடத்துக்கு நெருக்கமாக உடன் நின்று, 2022இல் அவருக்குப் பின் தலைமைப் பொறுப்பேற்ற போனி தோலுக்கும் நன்றி. அவரும் அதே அணியில் ஆடி வந்தவர்தான். சிட்னி ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெனிஃபர் பிரன்டேஜுக்கும் நன்றி. யுசிஎல்ஏவில் ஆடி வளர்ந்தவர், மிச்சிகன் பெண்களுக்குத் துணைப் பயிற்சியாளரானார். தலைமைப் பயிற்சியாளர் பெயர்தான் செய்தியில் வரும். இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இல்லாமல் ஹட்சின் வெற்றிக் கணக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி எங்கள் ஆட்கள்.

எதிர்வீட்டுப் பெரியவரை முதலில் சொல்ல வேண்டும். தன் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்ததை எங்கள் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தவர். குளிர்காலத்தில் அவர் கராஜில் காரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கையுறையை முழங்கால் உயரத்தில் பிடிப்பார். இவள் கையை இடுப்புக்குக் கீழிருந்து முழு வட்டமாகச் சுழற்றி எறிவாள். பந்து கையுறையில் நடுவாக விழுந்தால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பந்தைத் திருப்பி எறிவார். வந்தால் மட்டும், "சரி, இன்னொன்று." பல நாள் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்தார் என்று அவர் மனைவி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வார இறுதிப் போட்டிகளுக்கு எங்களால் போக முடியாதபோதெல்லாம் இவளையும் ஏற்றிக்கொண்டு போன அண்ணன்களுக்கும், மைதானத்துக்குத் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்து, மொத்த அணிக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்த அக்காக்களுக்கும் நன்றி. ஊரிலிருந்து வந்தபோதெல்லாம் ராத்திரி இவள் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, "நாளைக்கும் நீதானே போடணும்" என்ற என் அத்தைக்கு, அதாவது இவள் பாட்டிக்கு, என்ன சொன்னாலும் தகும்.

அவளுடைய சின்ன வயது கையுறைகளும் மட்டைகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. உங்கள் பெண்ணுக்கு ஆட ஆசை இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குக் கிளம்பும்வரை சனிக்கிழமை காலைகளில் சொல்லிக்கொடுக்க அவளும் தயார்.

அன்போடும் நன்றியோடும்,
ஒரு பிட்சரின் அம்மா