கயிற்றைக் கையில் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியானதை ஒட்டி உங்கள் பத்திரிகையில் வந்த தொழில் வழிகாட்டல் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். தாதியம், கணக்கியல், கணினி, விவசாயம் எல்லாம் இருந்தன. கடல் மட்டும் இல்லை. அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்து வாசிக்கும் எங்களுக்கு அது மனதை உறுத்துகிறது.

நான் 19 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் மேல்தள மாலுமியாக வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் சென்ற ஆண்டு கப்பல் தொழில் பற்றிய கருத்தரங்கு நடந்தது. பெற்றோர் வரிசையில் நானும் இருந்தேன். பேச வந்தவர் விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் இரண்டு மணித்தியாலம் திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. கேள்வி கேட்கச் சொன்னபோது ஒரு பையன் மட்டும் எழுந்து சம்பளம் எவ்வளவு என்றான். மற்றவர்கள் எப்போது மணி அடிக்கும் என்று பார்த்திருந்தார்கள்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதிபரிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை தரம் 9, 10 பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அழைத்தேன்.

இரு முனையும் அடைத்த பீ.வீ.சி. குழாய் ஒன்றுக்குள், நிமிர்ந்து மிதக்கும் அளவுக்கு மணல் போட்டிருந்தேன். ஒரு பீப்பாயில் கிணற்று நீர், மற்றதில் கடல் நீர். கிணற்று நீரில் குழாய் 40 சென்ரிமீற்றர் அமிழ்ந்து நின்றது. நீர்மட்டத்தில் கோடு போட்டோம். அதே குழாயைக் கடல் நீரில் விட்டதும் அந்தக் கோடு ஒரு சென்ரிமீற்றர் மேலே ஏறிவிட்டது. மணல் கொட்டுப்பட்டுவிட்டதோ என்று ஒருவன் குழாயைத் தூக்கி உலுக்கிப் பார்த்தான். மறுபடி கிணற்று நீரில் விட்டார்கள், கோடு இறங்கியது. நான் வாயே திறக்கவில்லை. மூன்று தரம் மாற்றி மாற்றி விட்டபின், "உப்புத்தண்ணீர் பாரம், அதுதான் கூடத் தாங்குகிறது" என்று ஒரு பிள்ளை சொன்னாள். அதன்பிறகுதான், எவ்வளவு அமிழும்வரை கப்பலில் சரக்கு ஏற்றலாம் என்று அதன் விலாவில் போட்டிருக்கும் சுமைக்கோட்டின் படத்தைக் காட்டினேன். நன்னீர்க் கோடு ஏன் உயரத்திலும் கடல்நீர்க் கோடு ஏன் கீழேயும் இருக்கின்றன என்று அவர்களே எனக்கு விளக்கினார்கள். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய கப்பல்களில் மாலுமிகள் மாண்டுபோவதைப் பொறுக்காமல் சாமுவேல் பிளிம்சோல் என்பவர் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் போராடியதையும், 1876இல் அந்தக் குறி சட்டமானதையும் சொன்னபோது ஒரு சத்தமில்லை. சரக்கின் பாரத்தையும் கப்பலின் சமநிலையையும் கணக்குப் பார்ப்பது பிரதம அதிகாரியின் வேலை. அந்த வேலையின் ஒரு துண்டை அந்தப் பிள்ளைகள் அன்று செய்தே பார்த்துவிட்டார்கள்.

கயிற்றை எடுத்தபோது எனக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. தடிப்பு வேறான இரண்டு கயிறுகளை இணைக்கக் கப்பலில் நாங்கள் போடும் முடிச்சும், வலைக் கண்ணுக்கு எங்கள் ஊரார் போடும் முடிச்சும் ஒன்றே. அம்மம்மாவோடு வாடியில் இருந்து வலை பொத்தும் பிள்ளை ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டுக் காட்டினாள். மாலுமிப் பயிற்சியில் பரீட்சித்துப் பார்க்கும் முடிச்சு இது என்றதும், தன் கையையே ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இந்தக் கடிதம். பாகக் கணக்கில் ஆழம் சொல்லவும், வாடை, சோழகம், கச்சான் என்ற காற்றுகளை முகத்தில் படும்போதே பிரித்தறியவும் தெரிந்த பிள்ளைகளிடம், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற தோரணையில் பேசலாமா?

பொழுது பட்டதும், இரவில் கப்பல்கள் எரிக்கும் விளக்குகளைப் போல, ரோர்ச் லைற்றுகளில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சைத் தாள் ஒட்டி, மைதானத்தில் பிள்ளைகளையே கப்பல்களாக நடக்கவிட்டோம். குறுக்கே வருபவரின் சிவப்பு தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

இன்னொரு விளையாட்டையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். கப்பல் வேலைக்கு அழைக்கும் கடிதங்கள் சிலவற்றை நாமே எழுதி, பொய்யானது எது என்று பிள்ளைகளைத் தேடவிட வேண்டும். தாயின் தாலிக்கொடியை அடகு வைத்து முகவருக்குக் கொடுத்து ஏமாந்த இளைஞர்களை நான் அறிவேன். வேலை எடுத்துத் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் சொல்கிறது. கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவன் பொறுப்பு. இதைப் பதினைந்து வயதிலேயே தெரிந்துகொண்டவனை ஏமாற்றுவது கடினம். நிறப்பார்வைச் சோதனையையும் அப்போதே செய்துவிடலாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் மேல்தள அதிகாரியாக முடியாது. இதைப் பணம் கட்டிப் பயிற்சிக்குப் போனபின் அறிவது பெரிய கொடுமை.

தாய்மாரின் பயம் எனக்கும் புரியும். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை இது. போதாததற்கு, இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துப்போகும் காலத்தில், "இந்தத் தொழில் எங்களோடு போகட்டும்" என்று தகப்பன்மாரே சொல்கிறார்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குக் கடல் என்றால் கடனும் கண்ணீரும்தான். இயந்திரப் பொறியியலாளர், மின்னியலாளர், சமையற்காரர், துறைமுக வழிகாட்டி, பாரந்தூக்கி இயக்குபவர், கடலடியை அளந்து வரைபடமாக்குபவர் என்று எத்தனையோ பேருக்கு அதே கடல் சோறு போடுகிறது என்பதை யார் அவர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள்? சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையங்கள் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இருக்கின்றன என்பதுகூட அன்று வந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வலயக் கல்வி அலுவலகமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து தவணைக்கு ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. குழாயும் கயிறும் வண்ணத்தாளும் என் வீட்டு விறாந்தையில் இருக்கின்றன. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும் நானே கொண்டுவந்து தருவேன்.

முன்னாள் கப்பல் மாலுமி,
அளம்பில், முல்லைத்தீவு.