அம்மாவின் சர்க்கரையை இரவெல்லாம் காத்த சிஸ்டர்களுக்கு நன்றி

இதய அறுவைப் பிரிவின் தீவிர சிகிச்சை அறையில் பணிபுரியும் அனைவருக்கும் வணக்கம்.

அம்மா நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். மைட்ரல் வால்வை மாற்றிய டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தி நன்றி சொல்லிவிட்டோம். அறுவைக்குப் பின் மணிக்கொரு முறை அம்மாவின் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துக் கட்டுக்குள் வைத்த உங்களுக்குப் பொன்னாடை போர்த்த யாரும் வருவதில்லை. அதற்காகவே இந்த மடல்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அப்படியிருக்க, அன்றிரவு 240 என்று கேட்டதும் பதறிப்போனோம். மூத்த சிஸ்டர் ஒருவர் வாசலுக்கே வந்து விளக்கினார். இவ்வளவு பெரிய அறுவையில் உடம்பு கார்டிசோல், அட்ரினலின் என்ற ஹார்மோன்களைச் சுரந்து தள்ளுமாம். கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டும், இன்சுலினோ சரியாக வேலை செய்யாது. இரத்த அழுத்தத்துக்காக ஏற்றும் மருந்தும் தன் பங்குக்கு உயர்த்தும். அப்படியே விட்டால் நெஞ்செலும்புப் புண்ணில் கிருமி தொற்றும் ஆபத்து கூடும் என்பதால் 180-ஐத் தாண்ட விடமாட்டோம் என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

உள்ளே விட்டபோது நானே பார்த்தேன். 50 மில்லி சிரிஞ்சில் 50 யூனிட் இன்சுலின், பம்பு அதைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்திக்கொண்டிருந்தது. அம்மாவின் விரல்கள் வீங்கிச் சில்லிட்டிருந்ததால் விரல் நுனி இரத்தத்தை சிஸ்டர் நம்பவில்லை. மணிக்கட்டுத் தமனிக் குழாயில் தேங்கியதை முதலில் இழுத்து ஒதுக்கிவிட்டு, அடுத்து வந்த இரத்தத்தில் பார்த்தார். 138. உடனே பம்பின் வேகத்தைக் குறைத்தார், அட்டையில் குறித்தார், இன்சுலின் பொட்டாசியத்தையும் இறக்கிவிடும் என்று அந்த அளவையும் சரிபார்த்தார். அடுத்த மணிக்கு மறுபடியும் அதே வேலை.

ஏன் 100-க்கே கொண்டுவரக் கூடாது என்று கேட்டேன். பணி நெருக்கடியிலும் இளம் மருத்துவர் நின்று பதில் சொன்னார். 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வு, 80 முதல் 110-க்குள் இறுக்கிப் பிடித்தால் உயிரிழப்பு குறைகிறது என்றது. 2009-இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளிடையே, அப்படி இறுக்கிப் பிடித்தவர்களில்தான் இறப்பு அதிகம்: 27.5 சதவீதம், மற்றவர்களில் 24.9. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வதும் பல மடங்கு கூடியது. மயக்க மருந்தில் இருப்பவரால் வியர்க்கிறது, படபடக்கிறது என்று வாய்திறந்து சொல்ல முடியாதே! அதனால்தான் 140 முதல் 180 வரை போதும் என்கிறார்கள். அந்த ஆய்வுகளில் பங்கேற்ற முகம் தெரியாத நோயாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

கஞ்சியை அளந்து அனுப்பிய உணவியல் நிபுணருக்கும், நள்ளிரவிலும் முகம் சுளிக்காத ஆய்வகத் தம்பிக்கும், அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த ஆயாக்களுக்கும் நன்றி.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சிஸ்டரின் பொறுப்பில் ஓரிரு நோயாளிகள் மட்டும் இருந்ததால்தான் இந்த மணிக்கணக்கு தவறவில்லை. எந்தச் செலவைக் குறைத்தாலும் அந்த எண்ணிக்கையில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

அம்மாவின் தையல் நன்றாகக் காய்ந்துவிட்டது. இன்சுலின் இப்போது தேவைப்படவில்லை. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்களையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
அவர் மகள்