அது எண்ணெய் வண்ணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மலரில் அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையெத்தின் 'கிறிஸ்டினாவின் உலகம்' (1948) படத்துக்குக் கீழே 'எண்ணெய் வண்ணம்' என்று அச்சாகியிருக்கிறது. அது முட்டை டெம்பரா, அதாவது முட்டையின் மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்த வண்ணம். தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் படத்தில் விரியும் புல்வெளியை ரசிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

மஞ்சள் கருவின் தோலைக் குத்தி, உள்ளிருப்பதை மட்டும் வடித்து, தண்ணீர் விட்டு நிறப்பொடியோடு குழைப்பார்கள். கரு குறைந்தால் காய்ந்தபின் நிறம் கையில் ஒட்டும், கூடினால் வெடிக்கும். துணி வளைந்தால் விரிசல் விடும் என்பதால் விறைப்பான பலகையில்தான் தீட்டுவார்கள். நொடிகளில் உலர்வதால் நிறங்களைப் பலகையிலேயே இழைத்துக் கலக்க முடியாது. மெல்லிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். படத்தில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் காய்ந்த புல் இழை இழையாகத் தெரிவது அதனால்தான். படத்தை வைத்திருக்கும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமும் டெம்பரா என்றே குறிப்பிடுகிறது.

– வாசகர், கும்பகோணம்