வயல் எலிகளையும் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோகத்துக்கு வயலில் இறங்கும் கமக்காரர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெற்றுக்கொள்ளலாம் என்ற அறிவித்தலைத் தங்கள் பத்திரிகையில் பார்த்தேன். நல்ல விடயம். கிழமைக்கு ஒருதரம் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின், அதுவும் சாப்பிட்ட பிறகு. கட்டாயம் எடுக்கட்டும். ஆனால் அதே வயலின் வரப்பில் வளை தோண்டியிருக்கும் அகழான் எலி என்ன கிருமியைச் சுமக்கிறது என்று பார்க்கிற பேச்சையே காணோம்.

2024 டிசெம்பரை வடமராட்சியில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நவெம்பர் கடைசியில் வந்த வெள்ளம் வடிகிற நேரத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தொடக்கத்தில் 'மர்மக் காய்ச்சல்' என்றுதான் ஊரெல்லாம் கதை. மாத நடுப்பகுதிக்குள் யாழ் மாவட்டத்தில் ஏழு பேரை இழந்துவிட்டோம். எலிக்காய்ச்சல் என்றால் களுத்துறை, இரத்தினபுரி, கேகாலை போன்ற ஈரவலய மாவட்டங்களின் நோய் என்ற எண்ணம் எங்களுக்குள் அப்படி ஊறிக்கிடந்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2011 வெள்ளத்துக்குப் பிறகு அநுராதபுரத்தில் இதே நோய் பரவியபோது, வரண்ட வலயத்தில் எலிக்காய்ச்சலா என்று அங்குள்ள வைத்தியர்களே ஏற்கத் தயங்கியதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்றும் அந்த ஆய்வில் வெளிவந்தது. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமிகளில், கேகாலை நோயாளரிடம் மேலோங்கியிருந்தது லெப்டோஸ்பைரா இன்டரோகன்ஸ். அநுராதபுரத்தில் லெப்டோஸ்பைரா கிர்ஷ்னரி. ஒரே தீவு, ஒரே நோய்ப்பெயர், கிருமி வேறு.

ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்தும் பழைய, நம்பகமான முறையில், நோயாளியின் குருதி நீர்ப்பாயத்தை உயிருள்ள லெப்டோஸ்பைரா வகைகளுடன் தனித்தனியே கலந்து, கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று இருள்புல நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் உலவும் வகை அந்த வரிசையில் இல்லாவிட்டால், நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரக்கூடும். எந்த ஊரில் எந்த வகை என்று தெரிந்தால்தான் வரிசையைச் சரியாகச் சேர்க்கலாம். அதைச் சொல்லக்கூடிய சாட்சி எலிதான். அதற்கு வருத்தம் ஒன்றும் வராது. கிருமி சிறுநீரகத்தில் குடியிருந்து மாதக்கணக்கில் சிறுநீரோடு வெளியேறும். இதை ஜப்பானியர் 1917இலேயே கண்டு எழுதிவிட்டார்கள்.

பின்னேரம் கருவாட்டுத் துண்டு வைத்துக் கூடு வைத்தால் விடிய எலி கிடைக்கும். சிறுநீரகத்தில் ஒரு சிறு துண்டு போதும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாருக்கும் பழகிப்போன பி.சி.ஆர். சோதனையில் ஓரிரு நாளில் விடை தெரியும். கிருமியை வளர்த்து எடுக்கத்தான் வாரக்கணக்காகும், சில வேளை மாதக்கணக்கும். இன்னொன்று: எலியின் காதுமடலுக்குள் செம்மஞ்சள் பொடி அப்பினதுபோல நுண்ணிய உண்ணிக் குஞ்சுகள் ஒட்டியிருந்தால் அவற்றையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். மாரியில் எங்கள் பக்கம் வரும் உண்ணிக் காய்ச்சலின் கிருமி அவற்றில்தான் இருக்கும். எலிக்காய்ச்சலோ உண்ணிக் காய்ச்சலோ என்று வைத்தியர்கள் தடுமாறுவது அதே மாதங்களில்தானே.

பெரிய செலவு பிடிக்கிற காரியமல்ல இது. யாழ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் பக்கத்திலேயே இருக்கிறது, விவசாய பீடம் கிளிநொச்சியில். கால்நடை வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டால் மாடுகளையும் பார்த்துவிடலாம், அவையும் இந்தக் கிருமியைச் சுமப்பவை. கரவெட்டி, பருத்தித்துறை, இரணைமடுவின் கீழுள்ள வயல்கள் என்று இடங்களைக் குறித்து, விதைப்புக்கு முன் ஒருதரம், அறுவடையில் ஒருதரம் பார்க்கட்டும். முடிவைக் கிராம சேவையாளர் பிரிவு வாரியாக வரைபடமாக்கிக் கமநல சேவை நிலையங்களில் ஒட்டினால், மாத்திரையை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிடும் கமக்காரரும் அதை விழுங்குவார்.

மாகாண சுகாதாரத் திணைக்களம் இதைக் கவனத்தில் எடுக்குமா? எலி பிடிக்கப் போகிறவர்களுக்குக் கையுறையும் நீள் சப்பாத்தும் முதலில் கொடுத்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
வடமராட்சி.