காதருக்கு, கீழாநெல்லி பற்றி

அன்புள்ள காதர்,

நீ அனுப்பிய வீடியோவை முழுசாகப் பார்த்தேன். அந்த வைத்தியர் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "லான்செட் பத்திரிகையிலேயே வந்தாச்சு, பி வகைக் காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து" என்று அடித்துப் பேசுகிறார். தங்கச்சி மகன் பாண்டிக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டிருக்கிறாய். கொடுத்தாயிற்று! ரிப்போர்ட் வந்த மறுநாளே தங்கச்சி கண்மாய்க் கரையில் பறித்து வந்து, வேரோடு அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை. கடலுக்குப் போகிற பையனுக்கு மீன் கிடையாது என்றால் எப்படி இருக்கும் பார்.

விவரம் உனக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கும். பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்கு எல்லாம் முடிந்து, மெடிக்கலில் அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ், அதாவது பி வைரஸின் மேலுறைப் புரதம் (ஆன்டிஜன்) ரத்தத்தில் இருக்கிறது. கையில் ஒரு காகிதம் கொடுத்தார்களே தவிர, அதற்கு என்ன அர்த்தம், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. பையனுக்குக் கண்ணில் மஞ்சள் இல்லை, சிறுநீரில் மஞ்சள் இல்லை, பசி தூக்கம் எதிலும் குறையில்லை. காமாலையே இல்லாதவனுக்குக் காமாலைப் பத்தியம் நடக்கிறது.

சரி, அந்த லான்செட் (மருத்துவ ஆய்வுப் பத்திரிகை) விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அதைப் பற்றிப் பேச்சு உண்டு. இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். வைத்தியர் சொன்னது பொய்யில்லை. 1988-இல் வந்தது. செய்தவர் எஸ்.பி. தியாகராஜன், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வு நிலையத்தில் இருந்தவர். பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார். கட்டுரையின் கடைசிப் பெயர் யாருடையது தெரியுமா? புளூம்பெர்க்! பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் வாங்கியவர். காமாலைக்கு எந்தெந்த ஊரில் என்னென்ன செடி கொடுக்கிறார்கள் என்று அவருடைய ஃபிலடெல்ஃபியா ஆய்வகத்தில் தேடியிருக்கிறார்கள். வெங்கடேஸ்வரன் என்பவர் நம் கீழாநெல்லியை வுட்சக் என்கிற அமெரிக்கப் பிராணிக்கு (அணில் சாதி, வளையில் வாழும்) கொடுத்துப் பார்த்தார். அதற்கும் இதே மாதிரி ஒரு ஈரல் வைரஸ் வரும். அங்கே நம்பிக்கை தெரிந்த பிறகுதான் சென்னையில் மனிதர்களிடம் பார்த்தது.

வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி, 23 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து. முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 22 பேருக்கு அந்த ஆன்டிஜனைக் காணோம். மற்ற பக்கத்தில் ஒரே ஒருவருக்கு. இது லேசுப்பட்ட கணக்கு இல்லை காதர். நாள்பட்ட பி வைரஸ் உள்ளவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்குத் தானாக மறைந்தாலே பெரிசு. பத்துக்கு ஆறு பேர் என்றால் உலகமே திரும்பிப் பார்க்கத்தான் செய்யும்.

திரும்பிப் பார்த்ததோடு நிற்கவில்லை, செய்தும் பார்த்தார்கள். வீடியோக்காரர் விட்டுவிட்ட பாதி இதுதான். 1990-இல் தாய்லாந்துக்காரர்கள் அதே செடியைக் கொடுத்து, பலிக்கவில்லை என்று அதே லான்செட்டில் எழுதினார்கள். செடி வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா என்று வாதம் நடந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. கீழாநெல்லிக்கு ஒன்றுபோல இருக்கிற அண்ணன் தம்பிகள் பலர், தங்கச்சி பறித்துவந்த கட்டிலேயே இரண்டு விதம் இருந்தது. ஆனால் 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 16 ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தும், நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. தியாகராஜன் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. பாட்டி சொன்னாள் என்று நம்பாமல், பாட்டி சொன்னாள் என்று தள்ளாமல், எண்ணிப் பார்த்து எல்லாரும் சோதிக்கும்படி எழுதிவைத்தார். கட்டுரையின் தொடக்கத்திலேயே அதைப் 'பூர்வாங்க ஆய்வு' என்று சொல்லியும் இருக்கிறார். அந்தப் பூர்வாங்கத்தையே தீர்ப்பாக்கி முப்பத்தைந்து வருஷம் கழித்தும் பவுடர் விற்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

'எனக்குக் குணமானதே' என்பாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உனக்குக் காமாலை வந்து, உங்க உம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அது பெரும்பாலும் ஏ வகையாகத்தான் இருந்திருக்கும். தண்ணீரால் வருவது. நம் பக்கம் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து எந்தக் குடத்துக்கு வந்து வீடு சேர்கிறது என்று உனக்கே தெரியும். அந்த ஏ வகை, பிள்ளைகளுக்கு அநேகமாகச் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும், நாள்பட நிற்காது. மோர் கொடுத்தாலும் இறங்கும், மந்திரித்தாலும் இறங்கும். பேர் கீழாநெல்லிக்கு. பி அப்படியில்லை, ரத்தத்தில், உடலுறவில், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் உடம்பே துரத்திவிடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளிடம் தங்கிவிடும். சத்தமில்லாமல் வருஷக்கணக்கில் இருந்து, சிலருக்கு ஈரல் சுருக்கத்திலோ புற்றிலோ கொண்டுபோய் விடும். அதன் மூலப் பிரதி ஈரல் செல்லின் உட்கருவுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் பி வைரஸுக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரைகூட அதை அடக்கித்தான் வைக்கிறது, அநேகமாக வேரோடு எடுப்பதில்லை.

பாண்டியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வைரஸ் எவ்வளவு இருக்கிறது, ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார்களாம். பாசிட்டிவ் என்றாலே எல்லாருக்கும் மாத்திரை கிடையாது. ஆறு மாதத்துக்கொரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்பவர்களும் உண்டு. சோதனையும் மருந்தும் 2018-இல் வந்த தேசியத் திட்டத்தில் இலவசம். தண்ணி மட்டும் ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தங்கச்சியைத்தான் சமாளிக்க முடியவில்லை. மகனுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டாள். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, ஷேவிங் பிளேடும் பிரஷ்ஷும் மட்டும் தனியாக இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. நீயும் ரத்தம் கொடுத்துப் பார், சின்னவளுக்கும் பார்த்து, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுவிடலாம் என்றேன். "என்னால வந்துச்சுன்னு சொல்றியா?" என்று ஒரு பாட்டம் அழுதாள். சின்னவளை மட்டும் வரும் வாரம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் மெல்ல மெல்ல இவளையும் கூட்டிப்போக வேண்டும். கீழாநெல்லியை நிறுத்து என்று நான் சண்டை போடவில்லை, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடு என்றேன். மீனை மட்டும் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆயிஷாவுக்கு எத்தனையாவது மாசம்? கர்ப்பகாலச் சோதனையில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்திருப்பார்கள், ரிப்போர்ட்டை ஒரு தடவை எடுத்துப் பார். பிள்ளை பிறந்து 24 மணி நேரத்துக்குள் பி ஊசி போட்டார்களா என்று நீயே நின்று கேள். அந்த ஊசிக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவரும் அதே புளூம்பெர்க்தான்.

கீழக்கரைப் பக்கம் போகும்போது தொதல் வாங்கி அனுப்புகிறேன். உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று முதலில் எழுது.

உன்,
முனியசாமி