அந்த இசை நாடகம் வண்ணத்தில் எடுக்கப்பட்டது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வெளியான, அமெரிக்க இசை நாடகப் படைப்பாளி ஸ்டீபன் சான்ட்ஹைம் பற்றிய கட்டுரை, அவர் தொலைக்காட்சிக்கென்றே இசையமைத்த ‘ஈவ்னிங் பிரிம்ரோஸ்’ நாடகத்தைக் கறுப்பு வெள்ளைப் படைப்பு என்கிறது. அது சரியல்ல. வண்ண வீடியோ நாடாவில் பதிவாகி, 1966 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் ஒளிபரப்பானது அது. மூல நாடா இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது காணக் கிடைப்பது கறுப்பு வெள்ளை கினஸ்கோப் பிரதி.

மானிட்டர் திரையை பிலிம் கேமராவால் படம் பிடிப்பதுதான் கினஸ்கோப். அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபீல்டுகளை, அதாவது பாதி வரிகள் மட்டும் கொண்ட அரைப் படங்களை, காட்டும். பிலிமில் ஓடுவதோ நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது முழுப் படங்கள். ஃபிரேமுக்கு இரண்டு ஃபீல்டு வீதம் 48 பதிவாகும், மீதி 12 போய்விடும். நடையும் கைவீச்சும் வெட்டி வெட்டித் தெரிவது இதனால்தான். கேமராவின் ஷட்டர் திரையோடு துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால் படத்தின் குறுக்கே ஒரு பட்டை விழும். இருண்ட பகுதிகள் ஒன்றோடொன்று கலந்து கறுத்துவிடும்.

இந்தக் கதைக்கு நிறம் போனது பெரிய இழப்பு. உலகத்தை விட்டு ஒதுங்கிய முதியவர்கள் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்குள் ரகசியமாக வாழ்கிறார்கள். இரவுக் காவலாளி வந்தால், துணி மாட்டும் பொம்மைகளைப் போல அசையாமல் நிற்பார்கள். வெளியேற முயல்பவர்களை ‘இருட்டு மனிதர்கள்’ வந்து நிஜமாகவே பொம்மையாக்கிவிடுவார்கள். ஆள் எது, பொம்மை எது என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது தோலின் நிறம். பிரதியில் இரண்டும் ஒரே சாம்பல். ஆறு வயதில் அந்தக் கடையில் தொலைந்துபோன ‘எல்லா’ என்ற பெண், தான் கண்ட வானத்தை நினைத்துப் பாடும் இடத்தில் (நடித்தவர் சார்மியன் கார்) நிறமில்லாதது எங்களுக்கு இன்னமும் வலிக்கிறது. பாட்டு மட்டும் தன் பங்கைக் குறைவின்றிச் செய்கிறது.

2010-இல் டிவிடி வந்துவிட்டது. பார்ப்பவர்கள் டிவியில் படத்தின் அளவை 4:3-இல் வையுங்கள். அகலத்துக்கு இழுத்தால் முகங்கள் சப்பையாகும். அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாத ஃபிரேம்களை அது தானாக உருவாக்கிச் செருகி, உருவங்களின் ஓரத்தைக் குழப்பிவிடும். ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டவே வேண்டாம், பிலிமின் துகளும் மானிட்டரின் வரிகளும்தான் துருத்தித் தெரியும்.

திருத்தம் வெளியிடும்போது ‘வண்ணத்தில் பதிவானது, கறுப்பு வெள்ளைப் பிரதியே எஞ்சியுள்ளது’ என்று இரண்டையும் சேர்த்தே குறிப்பிட வேண்டுகிறோம்.

– பழைய ஒளிபரப்புப் பதிவுகளைச் சீரமைக்கும் பணியிலுள்ள வாசகர்கள், சென்னை