தீவுக்குப் போய்விட்டு வந்தேன், பாப்பா

உச்சிப்புளி
மாசி 20

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் சின்னவன் கேட்டானே, "அம்மாச்சி, உங்க ஊர்க் கடலுக்குள்ள என்ன இருக்கு?" என்று. "கல்லும் பாசியும் உப்புந்தான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மனசு உறுத்தியது. ஏழாவது படிக்கும்போது நீயும் இதையே கேட்டாய். பள்ளிக்கூடத்தில் மன்னார் வளைகுடா பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். தீவுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று இரண்டு நாள் அழுதாய். உனக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். கடலோரத்தில் பிறந்த பிள்ளை, கடலுக்குள் என்ன இருக்கிறது என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாய்.

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. விடிந்ததும் உன் அப்பாவிடம், "குருசடைத் தீவுக்குப் போய்ட்டு வருவோமா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை போவோம்" என்றார். போய்விட்டு வந்துவிட்டோம். போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பாசி எடுத்தவள் என்று உனக்குத் தெரியும். ஆனால் உட்காரவைத்துச் சொன்னதில்லை. ஒன்பது வயதில் உன் அம்மாச்சியோடு பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்திலிருந்து வத்தையில், அந்தச் சின்னப் படகில், ஏறினேன். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் வேலை. விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்க வேண்டும். பாரில், கடலடிப் பாறையில், ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். அதைத்தான் காயவைத்து வியாபாரிக்குப் போடுவோம். அகர் என்கிற கூழ்ப்பொருள் எடுக்க வாங்கிப் போவார்கள். ஐஸ்கிரீமில் சேர்ப்பார்களாம், மருந்துக் கம்பெனிக்கும் போகுமாம். எங்களுக்கு அது அரிசி, மண்ணெண்ணெய், அவ்வளவுதான்.

1986இல் தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரைக்கும் உள்ள 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். எனக்கு அப்போது 15 வயது. அதுவரை தீவில் இறங்கித்தான் கஞ்சி குடிப்போம், நிழலில் படுப்போம். அதற்கப்புறம் இறங்கினால் விரட்டினார்கள். ஒரு நாள் என் பாசிப் பையை ஒருவர் பிடுங்கிக் கடலில் கொட்டினார். ஒரு நாள் முழுக்க முங்கி எடுத்தது, பாப்பா. கல்யாணமாகி உச்சிப்புளிக்கு வந்தபோது இனிக் கடல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உன் கையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்றுதான் உன்னைக் கடற்கரைக்கே விடாமல் வளர்த்தேன். அதில் எது தப்பு, எது சரி என்று இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சரி, போன கதைக்கு வருகிறேன்.

படகு குந்துகாலிலிருந்து கிளம்புகிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து கால்வைத்த இடம், அவருக்கு நினைவு மண்டபம் இருக்கிறதே, அதே கரைதான். கையில் கொண்டுபோன பிளாஸ்டிக் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். அதை மாட்டும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு கயிறுகூடக் கட்டிக்கொள்ளாமல் குதித்த கடல் அது. படகு ஓட்டிய பையன் சின்னப்பாலத்துப் பிள்ளை. பேச்சுக் கொடுத்தால், என்னோடு பாசிக்கு வந்த கூட்டாளியின் மகன்! "அம்மா இன்னும் போகுதுங்க அத்தை" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மாசியில் தென்கடல் எப்படி இருக்கும் தெரியுமா? வாடைக் காலத்தில் வடகடல்தான் கொந்தளிக்கும். இந்தப் பக்கம் சாது. நாங்கள் இந்த மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்போம், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்போம். பேர்தான் ஆண் கடல், அன்றைக்குத் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர் மாதிரிக் கிடந்தது. பாதி வழியில் பையன் இஞ்சினை அணைத்துவிட்டு, "கீழ பாருங்க அத்தை" என்றான்.

எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் வயல் மாதிரிக் கடற்புல். காற்றில் நாற்று அசைவது போல ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. நடுவில் ஒரு நீளமான பாதை, ஆள் உருண்டுபோன மாதிரி, புல்லே இல்லாமல் வெறும் மணல் தெரிந்தது. "ஆவுளியா மேஞ்ச தடம் இப்பிடித்தான் இருக்கும். ஆனா இது அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றான். நியாயமான பிள்ளை.

ஆவுளியாவை, அதுதான் கடல்பசுவை, நான் உயிரோடு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நம் ஐயாவின் வலையில் தாயும் குட்டியுமாக வந்தது. அது மீன் இல்லை, பாப்பா. நம்மை மாதிரி மூச்சு விடுவது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்து காற்று குடிக்க வேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். கைத்துடுப்பின் அக்குளில் மடு இருக்கும், குட்டி அதில் வந்து முட்டிக் குடிக்கும். அன்றைக்கு ஐயா வலையை அறுத்து விட்டுவிட்டார். அந்த வலைக்கு வாங்கிய கடனை இரண்டு வருஷம் அடைத்தார். அம்மாச்சி அதற்காக அவரைத் திட்டினதை நான் கேட்டதே இல்லை. 2022இல் வடகடலில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஐயா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தீவில் இறங்கியதும் முதலில் கால்தான் அடையாளம் கண்டுகொண்டது. அதே நறநறப்பு. மணல் என்று பேர், பாதி முருகைத் தூள், அதாவது பவளப்பாறைத் தூள். அலையாத்தி மரங்களுக்கடியில் மூச்சு வேர் சேற்றைக் குத்திக்கொண்டு விரல் விரலாக நின்றது. கூட வந்த வழிகாட்டி ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பொடி உப்பு மின்னியது. குடித்த கடல் தண்ணீரின் உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுமாம். நாங்கள் அந்த மரத்தடியில் எத்தனை நாள் படுத்திருப்போம், ஒரு இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

தண்ணீர் வற்றியிருந்தது. முழங்கால் ஆழத்தில் பார் தெரிந்தது. நான் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு குனிந்தேன். அதே மரிக்கொழுந்துப் பாசி, காய்ந்த துளசி நிறத்தில், கல்லோடு ஒட்டிச் சுருண்டிருந்தது. கை தானாகக் கீழே போனது. அப்புறம் நிறுத்திக்கொண்டேன். சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஆயுசில் முதல் தடவையாக அதைப் பறிக்காமல் பார்த்தேன். பாசிக்குள் கடுகளவு நண்டு ஒன்று, நுனிக்கு நுனி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட முருகை, உடம்பு தேன் நிறம், நுனி மட்டும் வெளிர் ஊதா. அதற்குள் நீல மீன் கூட்டம், என் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் கிளைக்குள் ஒளிந்தன. நிழலை நகர்த்தினால் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இந்த விளையாட்டை எத்தனை நேரம் விளையாடினேன் என்று தெரியாது. அப்பா கரையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

கல் என்று நாம் சொல்கிறோமே, அது கல் இல்லையாம். குண்டூசித் தலை அளவு உயிர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடம்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி இருந்துகொண்டு சோறும் போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் அந்தப் பாசி போய்விடும், முருகை வெளுத்துவிடும். சூடு தணியாவிட்டால் செத்தே போகும். 2016 கோடையில் அப்படி நிறையச் செத்ததாக வழிகாட்டி சொன்னார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சின்னப்பாலத்து வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. அந்தச் சுவர் முருகைக்கல்தான். அந்தக் காலத்தில் வல்லம் வல்லமாக வெட்டிக்கொண்டு வருவார்கள், வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும். யாருக்கும் தப்பென்று தோன்றவில்லை. சுனாமிக்குப் பிறகுதான் அது நின்றது. அதற்குள் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. பாரை வெட்டினால் அலையைத் தடுக்க ஏது ஆள்? நான் ஒரு காய்ந்த துண்டைச் சின்னவனுக்குக் காட்ட எடுத்தேன். "செத்ததாக இருந்தாலும் எடுக்கக்கூடாதுங்கம்மா" என்றார் வழிகாட்டி. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அன்றைக்குப் பையைக் கொட்டியவர் மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் இவர் சொன்னபோது கோபம் வரவில்லை. இதே மாதிரி அன்றைக்கு ஒருவர் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருக்க மாட்டோமா?

மதியம் உன் மாமா வீட்டில் சாப்பாடு. நண்டுக் குழம்பு, உனக்குப் பிடித்த கணவாய் வறுவல். அத்தை உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் மாமாவின் ஆட்டோவில் தனுஷ்கோடி. கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர் தேங்கி நிற்குமே, அங்கே பூநாரை. முதலில் வெள்ளைக் கோடு மாதிரித்தான் தெரிந்தது. மாமா ஆட்டோவை நிறுத்திவிட்டு, பேசாமல் நடக்கச் சொன்னார். கிட்டப் போகப் போக அந்தக் கோடு கழுத்தும் காலுமாகப் பிரிந்தது. நூறுக்கு மேல் இருக்கும், எண்ண முடியவில்லை. கரையோரம் நின்ற ஒன்றை மட்டும் விடாமல் பார்த்தேன். நின்ற இடத்திலேயே இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதிக்கிறது, மாவு மிதிப்பது போல. சேறு கலங்கியதும் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீரில் போட்டு அலசுகிறது. தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளி, அகப்பட்ட பூச்சியையும் கூனிப்பொடியையும் அலகுக்குள்ளேயே வடிகட்டிக்கொள்கிறது. நாம் அரிசி களைகிறோமே, அதேதான். அந்த இளஞ்சிவப்பு நிறம்கூடச் சாப்பாட்டிலிருந்து வருவதுதானாம். திடீரென்று ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். அத்தனையும் எழும்பின. மடக்கியிருந்த சிறகுக்குள் அப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. செம்பருத்திப் பூவை ஒரே நேரத்தில் நூறு பேர் விரித்த மாதிரி இருந்தது. உன் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். 2025இல் அந்த இடத்தைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தண்ணீர் வற்ற வற்ற அவை கிளம்பிவிடும், சித்திரையில் வந்தால் பார்க்க முடியாது.

அங்கிருந்து அரிச்சல்முனை வரை போனோம். 1964 புயலில் போன ஊரைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வழியில் பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துவந்து புதைத்துவைத்திருக்கும் இடத்தைப் பார்த்தோம். வேலிக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன மணல் குழிகள், ஒவ்வொன்றிலும் குச்சி நட்டு முட்டை எடுத்த நாளை எழுதியிருந்தார்கள். பொரித்து வெளியே வர ஐம்பது நாள் வாக்கில் ஆகும். குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கப் பங்குனியில் வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் மாமா மெதுவாக ஓட்டினார். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். பொழுது சாய்கிற வெளிச்சத்தில் குருசடை ஒரு பச்சைக் கீற்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. நீ மட்டும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

சின்னவனிடம் சொல். அம்மாச்சி தப்பாகச் சொல்லிவிட்டாள், கடலுக்குள் நிறைய இருக்கிறது என்று. அடுத்த மாசியில் ஒரு வாரம் லீவு கிடைக்குமா, பார். அமாவாசையை ஒட்டி வந்தால் தண்ணீர் நன்றாக வற்றும், பார் தெளிவாகத் தெரியும். இரண்டு பேருக்கும் அடி தடித்த பழைய செருப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். முருகை காலைக் கிழித்துவிடும். பனங்கிழங்கு அவித்துக் காயவைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுத் தம்பி ஹைதராபாத் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா